சூரியக் குவிப்பான்களில் எதைத் தேர்வது: வெப்ப இழப்பு சொல்லும் கணக்கு

வெயிலைக் கண்ணாடியால் குவித்து வெப்பம் எடுக்கும் கருவியை வாங்கப்போகிறவர் முன்னால் விற்பனையாளர் முதலில் நீட்டும் எண் செயல்திறன். ஒருவர் 75% என்பார், இன்னொருவர் 67% என்பார். இரண்டுமே பொய்யாக இருக்காது. ஆனால் அந்த இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுத்தால் கோட்டை விடத்தான் வாய்ப்பு அதிகம். அவை பெரும்பாலும் கண்ணாடி பளிச்சென்று இருக்கும்போது, வெயில் நேராக விழும்போது, வெப்ப இழப்பைப் பூஜ்யமாக வைத்துச் சொல்லப்படும் உச்ச ஒளியியல் திறன்கள். உங்களுக்கு வேண்டிய வெப்பநிலை அந்த எண்ணுக்குள் எங்கேயும் இல்லை.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. எனக்கு எத்தனை டிகிரி வேண்டும்? அந்த டிகிரியில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு எத்தனை வாட் கைநழுவுகிறது? மந்தமான வெயிலிலும் காலை வேளையிலும் அந்த இழப்பு போக என்ன மிஞ்சும்? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பரவளையத் தொட்டி, ஃப்ரெனல், கோபுரம், டிஷ் என்ற நான்கில் எது யாருக்கு என்பது பெருமளவு தெளிந்துவிடும். சில பேருக்கு நான்கும் வேண்டாம் என்பதும் தெரியும்.

இரண்டு வகை இழப்பு, இரண்டு வகைக் குணம்

குவிப்பானில் இழப்பு இரண்டு இடத்தில் நடக்கிறது. குவிந்த ஒளியை வாங்கிச் சூடாகும் பாகம் ரிசீவர். ஒளி அதற்குள் போய்ச் சேருவதற்கு முன்பே தொலைவது ஒளியியல் இழப்பு. சேர்ந்து வெப்பமான பிறகு வெளியே கசிவது வெப்ப இழப்பு. முன்னது வெயிலுக்கு ஏற்றாற்போலக் கூடிக் குறையும். வெயில் பாதியானால் அதுவும் பாதி. பின்னது வெயிலைப் பற்றிக் கவலைப்படாது. ரிசீவர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. கடையில் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய வாடகை மாதிரி அது. நண்பகலில் உறுத்தாத இழப்பு காலை எட்டு மணிக்கு லாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

ஒளியை ஏன் குவிக்கிறோம் என்பதற்குப் பலரும் சொல்லும் பதில், அதிக வெப்பம் கிடைக்க என்பது. வெயில் தருவது அதே அளவுதான், குவிப்பதால் அது கூடிவிடாது. குவிப்பதால் குறைவது சூடான பரப்பு. பத்து சதுர மீட்டர் வெயிலைக் கால் சதுர மீட்டர் குழாயில் இறக்கினால், வெப்பம் கசிய இடம் அந்தக் கால் சதுர மீட்டர்தான்.

அது எவ்வளவு முக்கியம் என்பதை ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி சொல்லிவிடும். கதிர்வீச்சு இழப்பு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. விழும் ஒளி அத்தனையையும் விழுங்கும் முழுக் கரும்பொருள் ஒன்று 100 டிகிரி செல்சியஸில் சதுர மீட்டருக்கு 1.1 கிலோவாட் உமிழும். 200 டிகிரியில் 2.8, 400 டிகிரியில் 11.6, 565 டிகிரியில் 28 கிலோவாட். நல்ல வெயிலே சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் சுற்றித்தான் வருகிறது. குவிக்காமலும் சிறப்புப் பூச்சு இல்லாமலும் 400 டிகிரிக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில்: குவிப்பே வேண்டுமா?

வேண்டியது 60, 70 டிகிரி வெந்நீர் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். சாதாரணத் தட்டைச் சேகரிப்பானின் இழப்பு, சுற்றுப்புறத்தைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மீட்டருக்கு மூன்றரை வாட் என்ற அளவில் தொடங்கி, சூடு ஏற ஏற இன்னும் கொஞ்சம் கூடும். வெளியே 30 டிகிரி, தட்டுக்குள் 70 என்றால் 160 வாட் சொச்சம் போகும். 800 வாட் வெயிலில் 450 வாட்டாவது கையில் நிற்கும். அதே தட்டில் 150 டிகிரிக்குப் போனால் இழப்பு 600 வாட்டைத் தாண்டி, வருவதும் போவதும் ஏறக்குறையச் சரியாகிவிடும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை அந்த இடத்திலும் பாதி தாக்குப்பிடிக்கும்.

இவற்றுக்கு இன்னொரு பெரிய பலம் உண்டு. மேகத்திலும் தூசியிலும் சிதறி வரும் ஒளியையும் இவை எடுத்துக்கொள்ளும். குவிப்பான்களுக்கு நேர்க்கதிர் மட்டுமே உதவும். பஞ்சுமூட்டமான வானத்தில் நாள் முழுக்க வெளிச்சம் இருந்தும் குவிப்பான் சும்மா நிற்கும். ஆகவே இடத்தின் மொத்த வெயில் கணக்கைக் காட்டி யாராவது குவிப்பான் விற்க வந்தால், நேர்க்கதிர்க் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். இது தேர்வில் முதல் வடிகட்டி. இங்கே தோற்ற இடத்தில் மற்ற ஒப்பீடு எல்லாம் வீண் வேலை.

100 டிகிரியைத் தாண்டி, நேர்க்கதிரும் தாராளமாக இருந்தால் மேலே படிக்கலாம்.

தொட்டி: குழாயைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்

நான்கு வகையில் அதிகம் ஓடிப் பழகியது பரவளையத் தொட்டிதான். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1984 முதல் 1990 வரை படிப்படியாக எழுந்த ஒன்பது ஆலைகள் சேர்ந்து 354 மெகாவாட். ஸ்பெயினில் 2008-இல் தொடங்கிய அண்டாசோல் வரிசை அதோடு, வெப்பத்தை உருகிய உப்பில் சேமித்துவைப்பதையும் சேர்த்தது. இப்படி இத்தனை ஆண்டு ஓடியதால் இதன் இழப்புகள் அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்டிருக்கின்றன.

நீளவாக்கில் வளைந்த கண்ணாடி. அதன் வாய் அகலம் 5.77 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் குவியக் கோட்டில் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய், அதைச் சுற்றி 125 மில்லிமீட்டர் விட்டத்தில் கண்ணாடி உறை. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். எஃகின் மேல் ஒரு தேர்வுப் பூச்சு: வெயிலில் வரும் அலைநீளங்களை 95% வரை விழுங்கும், தன் சூட்டில் வெளிவிடவேண்டிய அகச்சிவப்பை 400 டிகிரியில்கூடக் கரும்பொருளின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அடக்கிவைக்கும். கறுப்பாகவும் பளபளப்பாகவும் ஒரே நேரத்தில் நடந்துகொள்ளும் இந்தப் பூச்சுதான் தொட்டியின் உயிர்நாடி என்பேன். எஃகும் கண்ணாடியும் சூட்டில் வெவ்வேறு அளவு நீளுவதால் முனைகளில் சுருக்குத்துருத்தி போன்ற உலோக இணைப்பு இருக்கும். அது இருக்கும் நீளத்தில் ஒளி பிடிபடாது.

இப்போது ஒளி கடக்கும் சங்கிலியைப் பெருக்கிப் பாருங்கள். கண்ணாடி எதிரொளிப்பது 93.5%. தூசுக்கு 3% போனால் 97%. உறை கடத்துவது 96%. பூச்சு விழுங்குவது 95%. வளைவின் பிசகால் குழாயைத் தவறவிடுவது போக 95%. முனை இணைப்புகள் போக இன்னொரு 95%. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பிரமாதம். பெருக்கினால் 75% கூட வரவில்லை. நேராக விழும் 900 வாட்டில் 225 வாட் குழாய் சூடேறும் முன்பே காலி.

வெப்ப இழப்பு? அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இந்த அளவிலான வெற்றிடக் குழாயைச் சோதித்து வெளியிட்ட சமன்பாட்டில் போட்டால், 200 டிகிரியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 வாட், 300-இல் 95, 350-இல் சுமார் 150, 400-இல் 220 வாட் வருகிறது. இதைக் கண்ணாடியின் அகலமான 5.77-ஆல் வகுத்தால் 400 டிகிரியிலேயே சதுர மீட்டருக்கு 38 வாட்தான். ஒளியியலில் 225, வெப்பத்தில் 38. எண்ணெய் 293 டிகிரியில் நுழைந்து 393-இல் வெளியேறும் வழக்கமான ஓட்டத்தில் சராசரி இன்னும் குறைவு.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு சிலருக்குப் பிடிக்காது: வெற்றிடம் நன்றாக இருக்கும் தொட்டியில், வெப்ப இழப்பைக் குறைக்கிறேன் என்று விலையுயர்ந்த பூச்சுக்குப் பணம் கொட்டுவதைவிடக் கண்ணாடியைக் கழுவ ஆளும் நீரும் ஒதுக்குவது மேல். கண்ணாடியில் கூடுதலாக 5% தூசு படிந்தால் போவது ஏறக்குறைய 34 வாட். 400 டிகிரிக் குழாய் இழக்கும் மொத்த வெப்பமும் அதே அளவுதான்.

ஆனால் அந்த "வெற்றிடம் நன்றாக இருக்கும்" என்பதில்தான் சூட்சுமம். குழாய்க்குள் ஓடுவது பைஃபீனைலும் டைஃபீனைல் ஆக்சைடும் கலந்த செயற்கை எண்ணெய். 400 டிகிரி அதன் எல்லை. அந்த எல்லையை ஒட்டி ஆண்டுக்கணக்கில் ஓடும்போது அது மெல்லச் சிதைந்து ஹைட்ரஜனை விடுகிறது. ஹைட்ரஜன் சூடான எஃகுக்குள் ஊடுருவி வெற்றிடத்துக்குள் போய்ச் சேரும். அதை உறிஞ்சிப் பிடிக்கக் குழாயில் சிறு உலோக வில்லைகள் வைத்திருப்பார்கள்; அவை நிரம்பிவிட்டால் கதை மாறும். வாயுக்களில் வெப்பத்தை நன்றாகக் கடத்துவது ஹைட்ரஜன். மிகச் சிறிய அழுத்தத்திலேயே வேலையைக் காட்டிவிடும். இழப்பு நான்கு மடங்காவது உண்டு.

நான்கு மடங்கு என்றால் சதுர மீட்டருக்கு 150 வாட் சொச்சம். நல்ல நண்பகலில் 71% ஆக இருந்த செயல்திறன் 58%-க்கு இறங்கும். நேர்க்கதிர் 200 வாட்டாக இருக்கும் காலை வேளையிலோ, நல்ல குழாய் 56% தந்துகொண்டிருக்கும்போது கெட்ட குழாய் எண்ணெயைக் குளிரவைக்கும். கதிரவனை நோக்கித் திரும்பி நிற்கும் தொட்டி வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். இது வெளியே தெரியாது; குழாய் உடையாது, ஒழுகாது. அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் மட்டும், அக்கம்பக்கத்துக் குழாய்களைவிட அந்தக் குழாயின் கண்ணாடி உறை தகதகவென்று சூடாகத் தெரியும்.

200 டிகிரிக்கு வெற்றிடம் எதற்கு?

ஆலை நீராவி, சாயத் தொட்டி, பால் பதப்படுத்துதல், உலர்த்துதல் என்று 120 முதல் 200 டிகிரிக்குள் வேலை முடிகிறவர்கள் ஏராளம். மின் நிலையத்துக்கென்று உருவான வெற்றிடக் குழாயை அவர்கள் வாங்க வேண்டுமா?

மேலே சொன்ன அதே குழாயில் வெற்றிடத்துக்குப் பதில் சாதாரணக் காற்று இருந்தால், 200 டிகிரியில் என் கணக்குப்படி மீட்டருக்கு 110 வாட் அளவில் இழக்கும். வெற்றிடத்தில் 40. வித்தியாசம் 70, கண்ணாடிப் பரப்புக்கு வகுத்தால் 12 வாட். 900 வாட் வெயிலில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதற்காக உடைந்தால் எளிதில் மாற்றக் கிடைக்காத, கசிந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகத்தை வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணாடி உறை மட்டும் கட்டாயம் வேண்டும். உறையே இல்லாத வெறுங்குழாயில் காற்று வீசும்போது போகும் வெப்பம் வேறு ரகம்.

இந்த வெப்பநிலைப் பட்டையில்தான் தொட்டிக்கு ஃப்ரெனல் சரியான போட்டி கொடுக்கிறது.

ஃப்ரெனலில் ஒரு பெரிய வளைந்த கண்ணாடிக்குப் பதில், தரையை ஒட்டிப் பல தட்டைக் கண்ணாடிப் பட்டைகள் தனித்தனியே திரும்பி, மேலே அசையாமல் நிற்கும் ஒற்றைக் குழாய்க்கு ஒளியை அனுப்பும். குழாய் அசையாததால் நெகிழ்குழாய், சுழல் இணைப்பு என்ற தலைவலி கிடையாது. அழுத்த நீராவியை நேரடியாக அதிலேயே உண்டாக்கலாம்; இடையில் எண்ணெயும் வெப்பமாற்றியும் தேவையில்லை. காற்று கண்ணாடியைப் பெரிதாக அசைக்காது, கட்டுமானம் மலிவு, இடமும் குறைவு. ஸ்பெயினில் 2012-இல் ஓடத் தொடங்கிய 30 மெகாவாட் புவெர்ட்டோ எர்ராடோ 2 நிலையம் 270 டிகிரி நீராவியில் ஓடுவது இப்படித்தான்.

ஃப்ரெனலை மட்டம்தட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, வெற்றிடம் இல்லாததால் வெப்பம் போய்விடும் என்பது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 11 மீட்டருக்கு மேல் அகலமான கண்ணாடி வரிசையின் ஒளி ஒரே 70 மில்லிமீட்டர் குழாயில் இறங்குவதால், வெற்றிடமே இல்லாத வகையில்கூட 270 டிகிரியில் கண்ணாடிப் பரப்புக்கு இழப்பு 25 வாட் வட்டாரத்தில் அடங்கும். அதே டிகிரியில் வெற்றிடத் தொட்டிக்கு 12 அல்லது 13. வித்தியாசம் ஒரு டஜன் வாட்.

ஃப்ரெனல் உண்மையில் இழக்கும் இடம் ஒளியியல். உச்சத்திலேயே தொட்டியின் 75%-க்கு எதிரில் இதற்கு 67% அளவு. அதாவது 900 வாட் வெயிலில் 70 வாட் இடைவெளி. அதுவும் நண்பகலில் மட்டும். காலையிலும் மாலையிலும் பட்டைகள் சாய்ந்து நிற்கும்போது ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழும். எதிரொளித்த ஒளியைப் பக்கத்துப் பட்டையின் முதுகு மறிக்கும். தொட்டி நாள் முழுக்க முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொண்டே போவதால் காலை ஒன்பது மணிக்கே நல்ல விளைச்சல் தரும். ஃப்ரெனலின் விளைச்சல் நண்பகலில் கூம்பி நிற்கும்.

ஆகவே கேட்கவேண்டியது, உங்கள் ஆலைக்கு நீராவி எப்போது வேண்டும் என்பது. பகல் நடுவில் கொதிகலனின் எரிபொருளைக் குறைத்தால் போதும், கூரை மேல் இடம் நெருக்கடி, நீராவி நேரடியாக வேண்டும் என்றால் என் ஓட்டு ஃப்ரெனலுக்கு. காலை முதல் ஒரே சீராக வேண்டும், 300 டிகிரியைத் தாண்டவேண்டும் என்றால் தொட்டி.

கோபுரம்: திறந்த நெருப்பு

கோபுரத்தில், சூரியனுக்கேற்பத் திரும்பும் ஆயிரக்கணக்கான தனிக் கண்ணாடிகள், அதாவது ஹீலியோஸ்டாட்கள், ஒளியை ஒரே உச்சிக்கு அனுப்புகின்றன. அங்கே வெற்றிடமும் இல்லை, கண்ணாடி உறையும் இல்லை. வெட்டவெளியில் காற்றில் நிற்கும் உலோகக் குழாய்ச் சுவர், அதில் ஓடும் உருகிய உப்பு: 60% சோடியம் நைட்ரேட், 40% பொட்டாசியம் நைட்ரேட். 290 டிகிரியில் ஏறி 565-இல் இறங்கும். மேலே பூசுவது பெரும்பாலும் கறுப்புப் பெயின்ட். அது வெயிலை 96% விழுங்கும். ஆனால் அகச்சிவப்பையும் 87% அளவுக்குத் தாராளமாக உமிழும். தொட்டிக் குழாயின் தேர்வுப் பூச்சைப் பார்த்த கண்ணுக்கு இது காட்டுத்தனமாகத் தெரியும்.

கணக்கு போடுங்கள். 565 டிகிரியில் கதிர்வீச்சு மட்டும் சதுர மீட்டருக்கு 24 கிலோவாட். காற்று எடுத்துப்போவது இன்னொரு ஐந்தாறு கிலோவாட். மொத்தம் 30 என்று வையுங்கள். பயங்கரமான எண்தான். ஆனால் அந்தச் சுவரின் ஒரு சதுர மீட்டருக்குப் பின்னால் 700 முதல் 1,000 சதுர மீட்டர் கண்ணாடி நிற்கிறது. வகுத்தால் 30 முதல் 43 வாட். 400 டிகிரித் தொட்டியின் வெற்றிடக் குழாய் இழக்கும் அதே 38-ஐச் சுற்றி. பூச்சாலும் வெற்றிடத்தாலும் தொட்டி சாதிப்பதைக் கோபுரம் வெறும் குவிப்பாலேயே, 165 டிகிரி கூடுதல் சூட்டில் சாதித்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகப் பிடித்த எண் இதுதான்.

அந்த 165 டிகிரி சும்மா இல்லை. வெப்பத்தை வேலையாக மாற்றுவதில் எந்த எந்திரமும் தாண்டமுடியாத வரம்பு கார்னோ எல்லை. வெளியே 30 டிகிரி என்றால் அது 400 டிகிரிக்கு 55%, 565-க்கு 64%. உண்மையான நீராவி விசையாழியில் முன்னது 37, 38 சதவீதமும் பின்னது 41, 42 சதவீதமும் தரும். இன்னொரு லாபம் சேமிப்பில்: சூடான உப்புக் கலத்துக்கும் குளிர்ந்த உப்புக் கலத்துக்கும் இடையே 100 டிகிரி வித்தியாசத்துக்குப் பதில் 275 டிகிரி கிடைப்பதால், அதே வெப்பத்துக்கு உப்பு மூன்றில் ஒரு பங்கு போதும். ஸ்பெயினின் ஹெமசோலார் 2011-இல் 15 மணி நேரச் சேமிப்போடு தொடங்கி இரவும் மின்சாரம் தந்தது இந்தக் கணக்கின் பலத்தில்தான்.

கோபுர ரிசீவரின் இழப்பை எப்படி அளப்பது என்பதே ஒரு சுவாரசியம். ஆகாயத்தில் எரிகிற சுவருக்கு வருகிற ஒளியை நேரடியாக அளக்கமுடியாது. கலிஃபோர்னியாவில் 1996 முதல் 1999 வரை ஓடிய சோலார் டூ சோதனை நிலையத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். முழு ஹீலியோஸ்டாட்களோடு ஒரு முறை, சரிபாதியோடு ஒரு முறை. இரண்டு தடவையும் உப்பின் வெப்பநிலை மாறாமல் ஓட்டத்தை மட்டும் குறைத்தார்கள். வெப்பநிலை மாறாததால் இழப்பும் மாறாது. வருவது பாதியானபோது கிடைத்தது பாதியைவிட எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் இழப்பு தானாக வெளிப்பட்டுவிடும். கிடைத்த செயல்திறன் முழுச் சுமையில் 88% அளவு.

அந்தச் சோதனையே கோபுரத்தின் பலவீனத்தையும் காட்டுகிறது. சுவரின் மேல் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 500 கிலோவாட் விழும்போது 30 கிலோவாட் என்பது 6%. வெயில் மங்கி 150 கிலோவாட் விழும்போது அதே 30 என்பது 20%. தொட்டிக்கும் இந்தத் தேய்மானம் உண்டென்றாலும் ஒரு வரிசையை நிறுத்திவைத்து மற்றதை ஓட்டலாம். கோபுரத்தில் ரிசீவர் ஒன்றுதான். மேகம் வந்து போனால் குழாய்ச் சுவர் அதிர்ச்சியையும் தாங்கவேண்டும். உப்பு 240 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால் வடித்து இறக்கி மறுபடி ஏற்றவேண்டும். அடிக்கடி மேகம் ஓடும் வானம் கோபுரத்துக்கு ஆகாது. மொத்த நேர்க்கதிர் சமமாக இருக்கும் இரண்டு இடங்களில், ஒன்றில் வானம் துடைத்துவிட்டாற்போலவும் மற்றதில் விட்டு விட்டும் இருந்தால், இரண்டாவது இடத்துக்கு நான் தொட்டியையே சொல்வேன்.

சூட்டை இன்னும் ஏற்றலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். 600 டிகிரியைத் தாண்டினால் நைட்ரேட் உப்பு சிதையத் தொடங்கும். அதைத் தாண்ட மணல் போன்ற துகளோ வேறு உப்போ தேடினாலும் நான்காம் அடுக்கு விடாது: 750 டிகிரியில் கரும்பொருள் உமிழ்வு 62 கிலோவாட், 565-இல் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். விசையாழியில் கிடைக்கும் லாபம் ரிசீவரில் போய்விடாமல் இருக்க, குவிப்பையும் அதற்கேற்ப உயர்த்தவேண்டும். ஒவ்வொரு குவிப்பு விகிதத்துக்கும் ஓர் உகந்த வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டிச் சூடேற்றுவது நஷ்டம்.

தொட்டியிலேயே உப்பை ஓட்டினால்?

கோபுரத்தின் சூடும் தொட்டியின் பழக்கமும் சேர்ந்து வேண்டும் என்கிறவர்களுக்கு இப்படி ஒரு நடுவழி உண்டு. இத்தாலியின் பிரியோலோ கர்கல்லோவில் 2010-இல் 5 மெகாவாட் அளவில் செய்தும் காட்டினார்கள். எண்ணெயின் 400 டிகிரி எல்லை போய்விடும், ஹைட்ரஜன் தொல்லையும் போகும். வெப்ப இழப்பு? அதே சமன்பாட்டில் 500 டிகிரிக்கு மீட்டருக்கு 475 வாட் வருகிறது. கண்ணாடிப் பரப்புக்கு 82. இரட்டிப்புக்கு மேல் என்றாலும் நல்ல வெயிலில் 9%தான், தாங்கலாம்.

பயம் இரவில். 50 மெகாவாட் தொட்டி நிலையத்தில் 90 கிலோமீட்டர் அளவுக்கு ரிசீவர் குழாய் இருக்கும். உப்பு உறையாமல் இருக்க அத்தனையையும் விடிய விடிய 260 டிகிரியில் வைத்திருந்தால் மீட்டருக்கு 66 வாட். மொத்தம் ஏறக்குறைய 6 மெகாவாட் வெப்பம் இரவெல்லாம் போகும். பகலில் சேர்த்ததில் இது சில சதவீதம்தான் வரும், ஆளைச் சாய்க்காது. ஆனால் ஒரு பம்பு நின்று, ஒரு வளைவில் உப்பு கல்லாக இறுகிவிட்டால் அதை உருக்கியெடுக்கும் பாட்டைச் சதவீதத்தில் எழுதமுடியாது. அனுபவமுள்ள இயக்கக் குழு இல்லாதவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

டிஷ்

வெப்ப இழப்பை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால் டிஷ்ஷுக்குத்தான். கிண்ண வடிவக் கண்ணாடி, அதன் குவியப் புள்ளியில் ஒளி நுழையும் ஒரு குழிவு. 88 சதுர மீட்டர் கண்ணாடி, ஒளி நுழையும் வாய் 20 சென்டிமீட்டர் விட்டம் என்று வையுங்கள். வாய்க்குள் குழிவு 800 டிகிரியில் இருந்தாலும் அந்த வாய் வழியே கதிர்வீச்சாக வெளியேறுவது 2.4 கிலோவாட், கண்ணாடியில் விழுந்தது 88 கிலோவாட்டை ஒட்டி. மூன்று சதவீதத்துக்கும் கீழ். காற்றோட்ட இழப்பு குழிவின் சாய்வைப் பொறுத்தது: வாய் கீழே பார்க்கும்போது சூடான காற்று உள்ளேயே தேங்கி நின்று காப்புப் போலாகிவிடும். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது வாய் பக்கவாட்டில் திரும்புவதால் அந்தக் காற்று வழிந்தோடும். எப்போதும் சூரியனையே பார்ப்பதால், வெயில் சாய்ந்து விழுவதால் வரும் சாய்கோண இழப்பும் கிடையாது. வெளியிலிருந்து வரும் வெப்பத்தில் ஓடும் ஸ்டெர்லிங் எந்திரத்தோடு 2008-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், வெயிலை மின்சாரமாக்குவதில் 31.25% என்ற சாதனையைத் தொட்டது இந்த வகைதான்.

இத்தனை இருந்தும் மின்சாரத்துக்காக டிஷ் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேமிப்பு இல்லை, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் அசையும் எந்திரம் பராமரிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும். சேமிப்பில்லாத பகல் மின்சாரம்தான் வேண்டுமென்றால் சூரிய மின்தகடு அதை எளிதாகத் தருகிறது. சமையல் நீராவி போன்ற சிறிய வெப்பத் தேவைக்கு டிஷ்ஷுக்கு இன்னும் இடம் உண்டு.

மின்தகடு என்று பேச்சு வந்ததால் ஒன்று. தகட்டில் வரும் மின்சாரத்தைக் கொண்டு நேரடியாகச் சூடேற்றினால் போதாதா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். இடம் இருந்தால் கேட்கத் தகுந்த கேள்விதான். 200 டிகிரியில் தொட்டி வெயிலில் 60 முதல் 70 சதவீதத்தை வெப்பமாகத் தரும். தகடு 20% சுற்றி. அதே வெப்பத்துக்கு மூன்று மடங்கு பரப்பு வேண்டும். ஆனால் தகடு சிதறிய ஒளியையும் எடுக்கும், கழுவாத நாளிலும் சண்டித்தனம் செய்யாது. 100 டிகிரிக்குக் கீழே, சுற்றுப்புற வெப்பத்தையும் இழுத்துத் தரும் வெப்பப் பம்பைச் சேர்த்தால் குவிப்பான் தோற்கும் இடங்கள் நிறைய.

விலைப்புள்ளி கேட்கும்போது

எந்த வகையானாலும் உச்சத் திறனை மட்டும் எழுதிய தாளைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் இயக்க வெப்பநிலையிலும், அதற்கு 50 டிகிரி மேலேயும், ரிசீவரின் இழப்பை வாட்டில் கேளுங்கள். நேர்க்கதிர் 900 வாட், 500 வாட், 250 வாட் ஆகிய மூன்றிலும் நிகர விளைச்சல் என்ன என்று எழுதித் தரச்சொல்லுங்கள். சாய்கோணத் திருத்தத்தை உங்கள் அட்சரேகைக்குப் போட்டு, மணிவாரியாக ஆண்டுக் கணக்கு காட்டவேண்டும். இணைப்புக் குழாய், வால்வு, தாங்கிகள் வழியே போவதைத் தனி வரியாகக் கேளுங்கள். சிறிய நிலையங்களில் ரிசீவரைவிட இவைதான் அதிகம் விழுங்கும், காலையில் ஆறிய குழாயை மறுபடி சூடேற்றும் செலவும் இதில்தான் ஒளிந்திருக்கும்.

எண்ணெய் ஓடும் வெற்றிடக் குழாய் என்றால் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கவேண்டும்: முதல் நாளிலும், பிறகு ஒவ்வோர் ஆண்டும், இயக்கச் சூட்டில் எல்லாக் குழாய்களின் உறை வெப்பநிலையையும் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்துத் தரவேண்டும், ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டிய குழாயை அவர்கள் செலவில் மாற்றவேண்டும். இந்த வரிக்கு முகம் சுளிக்கிறவரிடம் 200 டிகிரிக்கு மேல் எதுவும் வாங்கவேண்டாம்.